அடிமனை யாருக்கு?

அடுத்தவர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்துக்கு அந்த வீடு சொந்தமா? தமிழ்நாட்டு வயல்வெளிகளிலும் இலங்கைத் தேயிலை மலைகளிலும் எழுந்த கேள்வி இது. 1971ஆம் ஆண்டில் இரு இடத்திலும் இதற்கென ஒரு சட்டம் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம், குடியிருந்தவரையே மனைக்கு உரிமையாளர் ஆக்கியது. இலங்கைச் சட்டம், நீதிமன்ற ஆணை இல்லாமல் தோட்டக் குடியிருப்பிலிருந்து தொழிலாளரை வெளியேற்றக் கூடாது என்பதோடு நின்றது. முன்னது உரிமை தந்தது. பின்னது அவகாசம் தந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் இரு இடத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனை முதலில் நகரத்தில்தான் சட்டமானது. சென்னையில் மனை விலை ஏறத் தொடங்கிய காலத்தில், வாடகை நிலத்தில் தம் கைக்காசைப் போட்டு வீடு கட்டியிருந்தவர்களை நிலக்காரர்கள் வெளியேற்றப் பார்த்தார்கள். அவர்களைக் காக்க வந்தது 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். கட்டடத்துக்கு இழப்பீடு தராமல் ஒருவரைக் கிளப்ப முடியாது என்றது அது. நீதிமன்றம் குறிக்கும் விலையைச் செலுத்தி, அடிமனையையே வாங்கிக்கொள்ளவும் வழி வைத்தது. கோயில், அறநிலைய நிலங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 1996இல் திருத்தம் வந்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே கோயில் மனைகளில், வீடு ஒருவருடையதாகவும் அடிமனை வாடகை கோயிலுக்குச் செல்வதாகவும் பழைய நிலை தொடர்கிறது.

கிராமத்தில் நிலைமை இன்னும் கடுமை. காவிரிப் படுகையில் விவசாயத் தொழிலாளியின் குடிசை பெரும்பாலும் மிராசுதாரின் மனைக்கட்டில்தான் இருந்தது. கூலியை உயர்த்திக் கேட்டால், மறுநாள் வருகிற பதில் ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்பதாக இருக்கும். குடியிருப்பு அடுத்தவன் கையில் இருக்கும்வரை கூலிப் பேச்சில் தொழிலாளிக்குக் குரல் கிடையாது. இதை உணர்ந்து 1961இல் ஒரு சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்தது. பத்தாண்டு கழித்து அடுத்த படியில் கால் வைத்தது 1971ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று குடியிருப்பு மனையில் இருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனையே உரிமையாகும் என்றது. கேரளத்தில் 1970இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தமும் இதே வழியில் சென்றது. அங்கே குடிகிடப்புக்காரர் (அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவர்) பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை தம் குடிசையோடு சேர்த்து வாங்கிக்கொள்ள முடிந்தது.

ஆனால் சட்டம் தரும் உரிமை, தாலுகா அலுவலகத்துக் கணக்கில் ஏறினால்தான் பயன் தரும். மனையை அளந்து, பழைய புல எண்ணிலிருந்து உட்பிரிவு செய்து, குடியிருப்பவர் பெயரில் பட்டா மாற்ற வேண்டும். இது நடக்காவிட்டால், கிராமக் கணக்கில் மொத்த நிலமும் பழைய உடைமையாளர் பெயரிலேயே கிடக்கும். பேரன் காலத்தில் வங்கிக் கடனுக்கோ பாகப்பிரிவினைக்கோ போகும்போதுதான் அது தெரியவரும். வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் அங்கே குடியிருப்பதைக் காட்டும்; மண் யாருடையது என்பதைச் சொல்லாது.

இலங்கை மலையகத்தில் கதை வேறு. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள் (அறைகள்) வரிசையாக நிற்கும் லயங்களைத் தோட்ட முதலாளிகள்தான் கட்டினார்கள். முன்வாசலை நீட்டியது, சமையலறை சேர்த்தது, பின்புறம் கொத்தித் தோட்டம் போட்டது எல்லாம் தொழிலாளர் உழைப்பு. ஆனால் இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில், நிலத்தின் மேல் எழுவது நிலத்தோடு சேரும். நல்லெண்ணத்தோடு கட்டியவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. கட்டியதே தமக்குச் சொந்தம் என்று கோர இடமில்லை.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் பெருந்தோட்டங்களை அரசுடைமை ஆக்கியது. காணி கைமாறியபோது அங்கே வாழ்ந்தவர்களில் பலர் நாடற்றவர்கள்; 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை அப்படி ஆக்கியிருந்தது. காணி கேட்டு நிற்கும் தகுதியே இல்லாத அந்த நிலை முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. நீண்டகாலக் குத்தகையும் பின்னால் வந்தது. இன்று ஒரு லயத்தின் அடிமனை அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனியிடம், வாழ்வது தொழிலாளி. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கொடுக்க வேண்டுமென்றால், கம்பனி அதைக் குத்தகையிலிருந்து விடுவிக்க வேண்டும், அரசு அளந்து ஒதுக்க வேண்டும், பிறகு உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதிப் பதிய வேண்டும். ஏதாவது ஒரு படியில் கோப்பு நின்றாலும் உரிமை அங்கேயே நின்றுவிடும்.

லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடு என்ற முயற்சி வரவேற்கத்தக்கது. இந்திய உதவியோடு கட்டப்பட்ட நாலாயிரம் வீடுகள் ஒவ்வொன்றும் 550 சதுர அடி. 2017 மே மாதம் மலையகத்தின் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். வீட்டுக்கென ஒதுக்கும் ஏழு பேர்ச் என்பது தமிழ்நாட்டுக் கணக்கில் நாலரை சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. சரியாகச் சொன்னால் 4.375 சென்ட். சிறிய துண்டுதான், ஆனாலும் இருநூறு ஆண்டு வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைக்கும் சொந்த மண். ஆனால் திறப்பு விழாவில் சாவி வாங்கிய பலருக்கு உறுதி பின்னாலேயே வரவேண்டியிருந்தது. உறுதி இல்லாத வீட்டை வைத்துக் கடன் எடுக்க முடியாது. முதலாம் தரத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்துக்கான புள்ளிகளிலும் உறுதிக்கு மதிப்புண்டு. அங்கேயும் அந்தக் குடும்பம் பின்தங்கும். லயத்தில் இருப்பவர்களில் பலருக்கோ தனி முகவரியே இல்லை. கடிதம் தோட்ட முகவரிக்குத்தான் போகிறது. பெயர் பதிந்திருப்பது செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில்). வேலையை விட்டால் அந்தப் பெயரும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு இந்தியாவை மெச்சிக்கொள்ள முடியாது. வயல் தொழிலாளிக்குக் கிடைத்த உரிமை மலைத் தொழிலாளிக்கு அங்கேயும் கிடைக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. அதனாலேயே அந்த வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தமிழ்நாட்டின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை முடிவை நெருங்கியபோது, 2024இல் தொழிலாளர்கள் மலையைவிட்டு இறங்கச் சொல்லப்பட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊர் என்று காட்ட அவர்களிடம் ரேஷன் அட்டையும் வாக்காளர் அடையாள அட்டையும் இருந்தன. மனைக்கான ஆவணம் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் மாஞ்சோலையும் இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவும் ஒன்றுதான்.

இரு பக்கமும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. வெளியேற்றத் தடையோடு நிற்காமல் உரிமையைச் சட்டத்தாலேயே நிலைநாட்டலாம் என்பதைத் தமிழ்நாடும் கேரளமும் காட்டின. இலங்கை அந்த இரண்டாவது படியை இன்னும் எடுத்து வைக்க வேண்டும்: லயம் இருக்கும் மண்ணிலோ புதிய மண்ணிலோ, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனை உரிமை என்று ஒரு சட்டம் சொல்ல வேண்டும். அமைச்சர் மாறினால் மாறிவிடும் வீட்டுத் திட்டம் அதற்கு ஈடாகாது. இந்தியா தன் பங்குக்குத் தோட்டத் தொழிலாளரையும் குடியிருப்பு உரிமைக்குள் கொண்டுவர வேண்டும்.

வேலையின் வரிசையும் மாற வேண்டும். முதலில் நில அளவை, அடுத்து உட்பிரிவும் பதிவும், அதன் பிறகே அத்திவாரம். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குவது பெரும்பாலும் பெண்கள். ஆகவே உறுதியிலும் பட்டாவிலும் கணவன், மனைவி இருவர் பெயரும் இடம்பெற வேண்டும். சாவி கொடுக்கும் அதே மேடையில், பதிவு எண் இட்ட ஆவணமும் கைக்கு வர வேண்டும். அது வராதவரை அந்த வீட்டை யாரும் எந்த நேரத்திலும் கேள்வி கேட்கலாம். நாலு தலைமுறை உழைப்பைத் தந்தவர்களிடம் இனியும் காத்திருங்கள் என்று சொல்ல எந்த அரசுக்கும் உரிமை இல்லை.