எமிலியா அம்மாளின் நாடோடிகள்

மெக்சிகோவின் நடிகரும் பாடகருமான பெத்ரோ இன்ஃபாந்தே இளமையில் தச்சுவேலை செய்தவர். ‘எஸ்குவெலா தே வாகபுந்தோஸ்’ (1955) படத்தில் அவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர். ஆனால் எல்லோரும் அவரை நாடோடி என்றே நினைக்கிறார்கள். தச்சர் பணக்காரராக நடிக்க, அந்தப் பணக்காரர் ஏழையாக நடிக்கும் இந்த அடுக்குதான் எனக்குப் படத்தின் முதல் ருசி.

கதை எளிது. கார் பழுதானதால் தொலைபேசி கேட்டு ஒரு மாளிகைக்குள் நுழைகிறார். எஜமானி எமிலியாவுக்கோ போக்கிடமற்றவர்களைப் பிடித்துவந்து திருத்தும் பித்து. விடுவாளா? வந்தவர் கார் ஓட்டியாகிறார். மூத்த மகள் சுசானாவின் மூக்கு விடைக்கிறது. பிறகு மனம் இளகுகிறது. 1938இல் வந்த ‘மெரிலி வீ லிவ்’ என்ற ஹாலிவுட் படத்தின் கதைதான் இது. இயக்கம் ரொஹேலியோ கொன்சாலெஸ்.

சுசானாவாக வரும் மிரொஸ்லாவா அழகுதான். ஆனாலும் என் ஓட்டு எமிலியாவாக வரும் பிளாங்கா தே காஸ்தெஹோனுக்கு. ஊரே தலைகீழானாலும் அவர் பேச்சில் ஒரு மிதப்பு. வார்த்தைகள் இழுபட்டு, பாடுவதுபோல் வந்து விழும். எதிரே கணவராக ஓஸ்கர் புலிதோ, பொறுமை தீர்ந்த முகத்தோடு. இந்த இருவருக்காகவே இரண்டாம் முறை பார்க்கலாம்.

நாயகன் உண்மையில் ஏழையல்ல என்பதால் வர்க்கச் சுவருக்குக் கீறல்கூட விழுவதில்லை, கள்ளாட்டம்தான். ஆனால் இன்ஃபாந்தே ‘குகுருகுகூ பலோமா’ பாடத் தொடங்கினால் அந்த வழக்கையெல்லாம் யார் நடத்துவது?