வாள் சீட்டில் பூ பூக்காது

டாரட் என்றதும் ஜோசிய சமாச்சாரம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பயபக்தியோடு நெருங்குகிறவர்களும் உண்டு. இருவருமே படத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு வட இத்தாலியில் அது வெறும் சீட்டாட்டம். எதிர்காலம் சொல்லும் வேலை அதன்மேல் ஏறியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நம்பிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, ஓவியம் பார்க்கிறவராக ஒரு சீட்டுக்கட்டைக் கையில் எடுங்கள்.

எந்தக் கட்டை? பூவும் கொடியும் விலங்குமாக இன்று ஏராளமான இயற்கைக் கட்டுகள் வருகின்றன. பலவற்றுக்கும் மூலம், 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட 78 சீட்டுகள். திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது, கை பமேலா கோல்மன் ஸ்மித்துடையது. அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரு சீட்டை எடுத்து, அதிலிருக்கும் ஆளைக் கட்டைவிரலால் மறைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பாருங்கள். தரையில் என்ன முளைத்திருக்கிறது? வானம் தெளிவா, மேகமா? தண்ணீர் ஓடுகிறதா, தேங்கியிருக்கிறதா? ஸ்மித் லண்டனின் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் சுற்றியவர், மேடை வேலை தெரிந்தவர். பல சீட்டுகளில் தரையைக் குறுக்கே வெட்டும் ஒரு நேர்கோடு தெரியும். அதற்கு முன்னால் மேடை, பின்னால் திரைச்சீலை. ஆள் முகத்தில் காட்டாததைத் திரைச்சீலை சொல்லிவிடும்.

அடுத்து பூதங்கள். நாம் ஐந்து எண்ணிப் பழகியவர்கள். இங்கே கிரேக்க வழியில் நான்குதான், ஆகாயம் கிடையாது. சீட்டின் நான்கு இனங்களில் கோல் என்றால் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, காசு நிலம். வெய்ட்டும் ஸ்மித்தும் 1888-இல் தொடங்கிய 'கோல்டன் டான்' என்ற ரகசியச் சபையில் இருந்தவர்கள். இந்தப் பொருத்தம் அங்கே பாடமாகவே இருந்தது. முதலாம் எண் சீட்டான மந்திரவாதியின் மேசையில் நான்கும் ஒன்றாகக் கிடக்கும்.

கோல்களில் ஒன்றுகூடப் பட்ட கட்டை இல்லை, இலை துளிர்த்திருக்கும். கோல் ராஜாவின் அங்கியில் பல்லி போன்ற பிராணிகள் தெரிகின்றனவே, அவை நெருப்பில் வாழும் என்று ஐரோப்பியர் நம்பிய சாலமாண்டர். கோப்பைகளின் முதல் சீட்டில் நீர்ப்பரப்பெங்கும் அல்லி. காசுகளில் தோட்டம், திராட்சைப் பந்தல். ஒன்பதாம் காசில் ஒரு சீமாட்டி கையில் வல்லூறோடு நிற்கிறாள். எல்லோரும் அவளையே பார்ப்பார்கள். கீழே ஒரு நத்தை ஊர்ந்து போகிறது, அதைத் தேடுங்கள்.

வாள்களுக்கு வந்தால் செழிப்பு சட்டென்று நின்றுபோகிறது. காற்றில் வளையும் மரம், கிழிந்த மேகம், ராணியின் சிம்மாசனத்தில் செதுக்கிய பட்டாம்பூச்சி. பூ கிட்டத்தட்ட இல்லவே இல்லை. காற்று பறிக்குமே தவிர வளர்க்காது என்று ஸ்மித் எண்ணினாரோ என்னவோ. ஒன்பதாம் வாளில் மட்டும் நின்று பாருங்கள். இருட்டில் ஒருத்தி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்தியிருக்கிறாள். பின்னால் கிடையாக ஒன்பது வாள்கள். அவள் காலை மூடியிருக்கும் போர்வையிலோ கட்டம் விட்டுக் கட்டம் சிவப்பு ரோஜா, இடையிடையே ராசி, கிரகக் குறிகள். மடிமேல் ஒரு தோட்டமே கிடக்கிறது, அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். கட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த சீட்டு இதுதான். பயமுறுத்தும் சீட்டு என்று இதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் போர்வையைப் பார்க்காதவர்கள்.

பூக்களை இணை சேர்த்துப் பார்ப்பதும் சுவையான வேலை. பூஜ்யம் எண்ணுள்ள பேதை மலைவிளிம்பில் கையில் வெள்ளை ரோஜாவோடு நடக்கிறான். பதின்மூன்றாம் சீட்டில் குதிரைமேல் வரும் மரணத்தின் கறுப்புக் கொடியிலும் வெள்ளை ரோஜாதான். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பிறகு எட்டாம் சீட்டில் சிங்கத்தை அடக்கும் பூச்சங்கிலியையும், சூரியன் சீட்டில் மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் நான்கு சூரியகாந்திகளையும், அதே பூவைக் கையில் ஏந்திய கோல் ராணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் வரைந்தவருக்குக் கிடைத்தது சொற்பம். வேலை பெரிது, பணம் மிகக் குறைவு என்று புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸுக்கு அவரே கடிதம் எழுதினார். பெட்டியில் வெகுகாலம் ரைடர், வெய்ட் பெயர்கள்தான். ஸ்மித்தின் பெயர் சீட்டுக்குள்ளே இருக்கிறது: கீழ் மூலையில், புல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கொடிபோல் முறுக்கிய சின்னக் கையெழுத்து.

வாங்குவதானால், 2009-இல் வந்த நூற்றாண்டுப் பதிப்பின் மங்கலான வண்ணங்கள் கண்ணுக்கு இதம். வழக்கமான பதிப்பின் அடர் மஞ்சளும் நீலமும் சின்னப் பூக்களை விழுங்கிவிடுகின்றன.

புதிய கட்டுகளுக்கு நான் வைக்கும் சோதனை எளிது. பூவை எடுத்துவிட்டால் சீட்டின் பொருள் மாறுகிறதா? மாறாவிட்டால் அது வெறும் கரை வேலைப்பாடு. கிம் கிரான்ஸ் 2012-இல் வெளியிட்ட 'வைல்ட் அன்னோன்' அந்தச் சோதனையில் தேறும். அதில் மனிதர்களே இல்லை. ராஜா, ராணி இருந்த இடத்தில் விலங்குக் குடும்பங்கள்: கோலுக்குப் பாம்பு, கோப்பைக்கு அன்னம், வாளுக்கு ஆந்தை, காசுக்கு மான். கட்டைவிரலால் மறைக்க அங்கே ஆளே கிடையாது.