கதைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்

மக்லைன் வே, சாப்மன் வே சகோதரர்கள் இயக்கிய 'வைல்ட் வைல்ட் கன்ட்ரி' 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ஆறு பகுதி ஆவணத்தொடர். எமி விருதும் பெற்றது. பின்னாளில் ஓஷோ என்ற பெயரில் தமிழ் வாசகரிடமும் பரவலாக அறிமுகமான பகவான் ரஜ்னீஷின் சீடர்கள், 1981 முதல் 1985 வரை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஏறத்தாழ 64,000 ஏக்கர் பண்ணை நிலத்தில் ரஜ்னீஷ்புரம் என்ற நகரை எழுப்பியதும் அது சரிந்ததுமே இதன் பொருள்.

பழைய ஒளிப்பதிவுகளைத் தேடியெடுத்துக் கோத்திருக்கும் விதத்தில் இயக்குநர்களின் உழைப்பு தெரிகிறது. எனினும், இத்தொடர் யாருடைய கதையாக நமக்குச் சொல்லப்படுகிறது என்ற கேள்வியை எழுப்பாமல் இதனை மதிப்பிட முடியாது.

தொடரின் உயிர் ரஜ்னீஷின் செயலாளராக இருந்த மா ஆனந்த் ஷீலாதான். அவரது பேச்சும் சிரிப்பும் துணிச்சலும் பார்வையாளரை வசப்படுத்துகின்றன. அவருக்கு எதிர்ப்புறத்தில் நின்றவர் சார்ள்ஸ் டர்னர். ஒரிகனுக்கான சமஷ்டி அரசின் தலைமை வழக்குத்தொடுநர். சீடர்கள் கொலை செய்யத் திட்டமிட்ட மனிதர். அவர் பக்க நியாயத்தைப் பெரும்பாலும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய ரொபர்ட் வீவரின் வாயிலாகவே அறிகிறோம். டர்னர் என்ற மனிதர் நம் மனதில் உருப்பெறுவதே இல்லை.

டர்னரின் அலுவலகம் விசாரித்தது பிரதானமாகக் குடிவரவு மோசடியை. வெளிநாட்டுச் சீடர்கள் அமெரிக்காவில் தங்கியிருப்பதற்காக நடத்தப்பட்ட போலித் திருமணங்களே அதன் மையம். விண்ணப்பப் படிவங்கள், திருமணப் பதிவுகள், சாட்சிகள் என்று நகரும் மெதுவான, சுவையற்ற வேலை அது. தியானத்தையோ போதனையையோ குற்றமாக்குவது அந்த விசாரணைக்குத் தேவைப்படவில்லை. ஆனால் குருவின் கைதில் அது முடிந்துவிடும் என்று அஞ்சிய ஷீலாவின் உள்வட்டத்தினர் 1985இல் டர்னரைக் கொல்லத் தீர்மானித்தனர். துப்பாக்கிகள் வாங்கப்பட்டன, அவரது வீடும் அலுவலகக் கட்டடமும் நோட்டமிடப்பட்டன. சுடுவதற்கு முன்வந்தவர் ஜேன் ஸ்டோர்க். திட்டம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் ஷீலாவும் நெருங்கியவர்களும் ஐரோப்பாவுக்குச் சென்ற பின்னரே சதிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

ஸ்டோர்க் தொடரில் பேசும் பகுதிகள் முக்கியமானவை. சாதாரணப் பெண்ணொருத்தி எவ்வாறு கொலைக்குச் சம்மதிக்கும் நிலைக்கு வந்தார் என்பதை அவரே சொல்கிறார். ஜேர்மனியில் நெடுங்காலம் வாழ்ந்த அவர் 2005இல் ஒரிகன் திரும்பி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே சதிக்காக, பிரித்தானியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வேறு இரு பெண்களுக்கு 1995இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதாவது ஒரு கொலைச் சதியின் சட்டரீதியான முடிவுக்கு இருபது ஆண்டுகள் சென்றன. தொடரில் ஸ்டோர்க்கின் மனச்சாட்சிக்கு இடமிருக்கிறது. அவரது துப்பாக்கி யாரைக் குறிவைத்ததோ அவரது நாட்களுக்கு இடமில்லை.

மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சீடர்கள் மீது அயலவருக்கு வெறுப்பு இருந்தது உண்மை. 1983 ஜூலையில் போர்ட்லண்டில் அவர்களது ஹோட்டலில் குண்டு வெடித்தது. வைத்தவர் ஜமாஅத் அல் ஃபுக்ரா என்ற தீவிரவாதக் குழுவைச் சேர்ந்தவர். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிய ஒருவரின் கை அதிலிருந்தது என்பதை நாம் தாண்டிச் செல்லக் கூடாது. அச்சுறுத்தப்பட்ட சிறுபான்மை என்று அவர்கள் தம்மைக் கருதியதற்குக் காரணம் இருந்தது. அரசு தங்களை அழிக்க முனைந்தது என்ற சீடர்களின் முறைப்பாட்டை அதனால் முற்றாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் 1984இல் த டால்ஸ் நகரின் பத்து உணவகங்களில் சல்மொனெல்லா கிருமி கலக்கப்பட்டு 751 பேர் நோயுற்றனர். உள்ளூராட்சித் தேர்தலில் வாக்காளரைப் படுக்கையில் கிடத்துவதற்கான ஒத்திகை அது. துன்புறுத்தப்பட்ட அனுபவம் இதற்கு நியாயமாகாது. தொடர் இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துவிட்டு முடிவைப் பார்வையாளரிடம் விடுகிறது. நடுநிலை என்று இது பாராட்டப்பட்டது. ஒரு தட்டில் கவர்ச்சியான குரலும் மறுதட்டில் வெறும் பதவிப்பெயரும் இருக்கையில் தராசு சமமாக நிற்காது.

நவம்பர் 1985இல் ரஜ்னீஷ் இரண்டு குடிவரவுக் குற்றச்சாட்டுகள் தொடர்பில் உடன்பாட்டுக்கு வந்தார். 400,000 டொலர் செலுத்தி, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையுடன் நாட்டை விட்டு வெளியேறினார். கிருமித் தாக்குதலுக்காகவோ கொலைச் சதிக்காகவோ அவர்மீது வழக்கு வரவில்லை. கொல்லப்படவிருந்த அதிகாரியின் அலுவலகம் குருவிடம் கேட்டது படிவங்களில் இருந்த பொய்க்கான கணக்கை மட்டுமே. சிலர் இதைத் தோல்வி என்பர். என் பார்வையில், நிரூபிக்கக்கூடியதை மட்டும் சொல்லும் இந்தக் கட்டுப்பாடே ஒரு சமயக் குழுவை அரசு அணுகும்போது அந்தக் குழுவுக்கும் ஏனையோருக்கும் இருக்கக்கூடிய ஒரே பாதுகாப்பு.

இத்தொடர் பார்க்கப்பட வேண்டியது. ஆனால் ஷீலாவின் சிரிப்பு ஓய்ந்த பின், 1985இல் ஒவ்வொரு காலையும் வேவு பார்க்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து அலுவலகம் சென்ற அந்த அரச ஊழியரைப் பற்றி இன்னொரு படைப்பு எழுதப்படாமலே இருக்கிறது என்ற குறையும் எஞ்சுகிறது.