பாதி எழுதிய எச்சரிக்கை

சூதாட்ட அடிமைத்தனம் பற்றித் தமிழ்நாடு அரசு பேசியதையெல்லாம் ஒரே பனுவலாக வாசிக்கலாம். நீதிபதி கே. சந்துரு குழுவின் 2022 அறிக்கை, ஆளுநர் திருப்பி அனுப்பியும் மீண்டும் நிறைவேறி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்கென 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறைகள் ஆகியவை அதன் மூன்று இயல்கள். கோட்டையில் எழுதிய எச்சரிக்கை, பழனிக்கு வடக்கே தொப்பம்பட்டியின் ஒரு தென்னந்தோப்பு வரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதே இங்கே என் அளவுகோல்.

நுட்பத்தில் மூன்றாம் இயல் முந்துகிறது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பண ஆட்டத்துக்குத் தடை. ஒரு மணி நேரம் தாண்டினால் அரை மணிக்கொரு முறை திரையில் எச்சரிக்கை. ஆட்டம் அடிமையாக்கும் தன்மையுடையது என்ற வாசகம் நுழைவுப் பக்கத்திலேயே நிலையாக இருக்க வேண்டும். ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று ஒருவன் தூக்கம் தொலைக்கும் நேரத்தை அறிந்தவர்கள் எழுதிய விதிகள் இவை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் இவற்றை ஏற்றது. குறை இரண்டு. அந்த வாசகம் நோயின் பெயரைச் சொல்கிறது, மருந்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அதைவிடப் பெரிது, அது ஒட்டப்பட்டிருந்த சுவர். 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் தடைச் சட்டம் வந்ததும் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. திரை போனது, எச்சரிக்கையும் போனது. வெளிநாட்டிலிருந்து கள்ளத்தனமாக நடக்கும் செயலிகள் நம் வாசகத்தைத் தாங்கி வரப்போவதில்லை.

தடை வீண் என்பது என் வாதமல்ல. 2003-இல் லாட்டரியைத் தடை செய்தபோது பேருந்து நிலையச் சீட்டுக் கடைகள் காணாமல் போயின. அது மெய்யான சாதனை. ஆனால் மூணு நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற பெட்டிச் செய்தி இன்னும் நின்றபாடில்லை. தடை கடையை மூடும். பழக்கத்தை மறைவிடத்துக்கு அனுப்பும்.

பனுவலின் ஒருமை குலைவது இரண்டாம் இயலில். மாநிலச் சட்டப்படி ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்றியச் சட்டம் ஆடியவரைத் தண்டிக்காமல் விடுகிறது. இந்த ஒரு கூறில் அதுவே தெளிவானது. நீ நோயாளி என்று ஒரு வாயும் நீ குற்றவாளி என்று மறுவாயும் சொன்னால், தோப்பை அடகு வைத்தவர் எந்த வாயை நம்பி மருத்துவரிடம் போவார்? தற்கொலைச் செய்திகளை முன்வைத்துத் தடை கோரி நடந்த பரப்புரைக்கும் இதே இரட்டைத் தன்மை உண்டு. சட்டமன்றத்தை அசைத்தது அதுதான். ஆனால் இன்னும் சாகாதவருக்கு அதில் இடமில்லை.

நோய் என்ற வாய்க்கே மருத்துவத்தின் துணை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சூதாட்டத்தைக் குடியோடும் போதையோடும் ஒரே பிரிவில் வைத்தது 2013-இல். திருக்குறளில் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூது வருகிறது, அதையடுத்து மருந்து. (மருந்து அதிகாரம் பெரும்பாலும் செரிமானம் பற்றியது என்பதால், இந்த வரிசையை அதிகம் பிழியக்கூடாது.) சூதாட்டத்துக்கென்றே அங்கீகாரம் பெற்ற மாத்திரை எதுவும் இல்லை. சான்று வலுவாக உள்ளது அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சைக்கே: அடுத்த ஆட்டம் கடனை அடைத்துவிடும் என்ற கணக்கைப் பேசிப் பேசி உடைப்பது. கூடவே பணப் பொறுப்பைக் கொஞ்ச காலம் வீட்டாரிடம் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

ஆக, என் தீர்ப்பு: தடையாகத் தேறும் இந்தப் பனுவல், விழிப்புணர்வாகத் தேறவில்லை. விடுபட்ட சிகிச்சை இயலை எழுதப் புதுத் துறை எதுவும் வேண்டியதில்லை. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடிப் போகிறார்கள். உலகெங்கும் பயன்படும் இரண்டு கேள்விகளை அவர்களிடம் கொடுக்கலாம். பந்தயப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதை வீட்டில் மறைத்துப் பொய் சொன்னதுண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுத்து, அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டம் திண்டுக்கல் மருத்துவக் கல்லூரியாக மட்டும் இருந்தால் தொப்பம்பட்டிக்காரருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பழனி அரசு மருத்துவமனையிலேயே கிழமை குறித்து ஆலோசகர் உட்கார வேண்டும். ஆம் என்று சொன்னவர் பெயர் காவல் நிலையத்துக்குப் போகாது என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும்.