குளமங்கலத்துக் குதிரையும் வெட்டுக்கிளி வீரனும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு நான் முல்லைக் கொல்லையில் நிற்பேன். தலையில் டார்ச், இடுப்பில் துண்டு மடி, கை பாட்டுக்கு மொட்டைக் கிள்ளிக்கொண்டிருக்கும். வெயில் ஏறி மொட்டு விரிந்துவிட்டால் கீரமங்கலம் பூக்கடையில் விலை இறங்கிவிடும். அதே நேரத்தில் ஜப்பானில் மணி ஒன்பது. அங்கே பிள்ளைகள் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த வாரத்துக் காமென் ரைடர் ஆரம்பித்திருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அந்த நிமிஷத்தில் எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். எங்கோ ஒரு முகமூடிக்காரன் இப்போது யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறான் என்கிற நினைப்பே போதும், கூடை சீக்கிரம் நிறைந்துவிடும்.

'காமென்' என்றால் ஜப்பானிய மொழியில் முகமூடி. முகமூடி போட்ட பைக் வீரன், அவ்வளவுதான் பெயர். 1971 ஏப்ரல் 3-ஆம் தேதி தொடங்கிய முதல் தொடர் 98 வாரம் ஓடியது. அதை உருவாக்கியவர் ஷோதாரோ இஷினோமோரி என்கிற காமிக்ஸ் மேதை. சின்ன வயதில் ஜெட்டிக்ஸ் சேனலில் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி: அதற்கு மூலமான ஜப்பானியத் தொடர் வரிசையை 1975-இல் தொடங்கி வைத்ததும் இதே மனிதர்தான். இது தெரிந்த அன்று, என் பள்ளிக்கூடக் காலம் முழுவதையும் எனக்கு வாங்கிக் கொடுத்த ஆளைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டதைப் போல இருந்தது.

நான் உள்ளே விழுந்தது 2020 ஊரடங்கில். அந்த ஏப்ரலில், ரைடரைத் தயாரிக்கும் தோயே நிறுவனம் தன் பழைய தொடர்களின் முதல் இரண்டு அத்தியாயங்களை யூடியூபில் இலவசமாகப் போடத் தொடங்கியது. பூவுக்கு விலையில்லை, பறிக்கவும் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து 1971-இன் முதல் அத்தியாயத்தைப் போட்டேன். தகேஷி ஹோங்கோ என்கிற கல்லூரி மாணவன் பைக் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறான். ஷாக்கர் என்கிற ரகசியக் கூட்டம் அவனைத் தூக்கிக்கொண்டு போய் உடம்பை அறுத்து, வெட்டுக்கிளியின் சக்தி கொண்ட எந்திர மனிதனாக மாற்றிவிடுகிறது. மூளையையும் மாற்றி அடியாளாக்குவதற்குள் ஒரு விஞ்ஞானி மனம் மாறி அவனைத் தப்பிக்க வைக்கிறார்.

இங்கேதான் நான் வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். யோசித்துப் பாருங்கள். அவன் பலம் முழுக்க எதிரி கொடுத்தது. அவன் உதைக்கிற கால் எதிரி செய்த கால். எதிரே வருகிற சிலந்தி மனிதனும் வௌவால் மனிதனும் அவனைப் போலவே கடத்தப்பட்டு, அதே மேசையில் படுக்க வைக்கப்பட்டவர்கள். மயிரிழையில் தப்பித்தவன் ஒருத்தன், தப்பிக்காதவன் இன்னொருத்தன். வேறு எந்த நாட்டு சூப்பர் ஹீரோ கதையிலும் இந்த வலி எனக்குக் கிடைத்ததில்லை. ரைடர் ஒவ்வொரு முறை குதித்து உதைக்கும்போதும், தான் ஆகியிருக்கக்கூடிய ஒருத்தனைத்தான் உதைக்கிறான்.

அந்த முகமூடியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பெரிய சிவப்புக் கண்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு வழிந்து இறங்கும். உள்ளே இருக்கும் நடிகர் வெளியே பார்ப்பதற்கான இடுக்கு அது, வெறும் வேலைக்காக வைத்தது. ஆனால் பார்க்கிறவனுக்கு அது கண்ணீர்த் தாரை. இஷினோமோரி வரைந்த காமிக்ஸில் ஹோங்கோவுக்குக் கோபம் வந்தால் முகத்தில் அறுவைத் தழும்புகள் எழும்பும். அதை மறைக்கத்தான் அவன் முகமூடி போடுகிறான். நான் யார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்று போடுகிற முகமூடி இல்லை. என்னை என்ன செய்துவிட்டார்கள் என்று யாரும் பார்க்கக்கூடாது என்பதற்கான முகமூடி.

முகமூடிக் கதை எங்கள் ஊருக்குப் புதிது இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த பி.யு.சின்னப்பா, ரைடர் வருவதற்கு முப்பத்தோரு வருஷம் முந்தியே, 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. இரும்பு முகமூடிக்குள் பூட்டப்பட்ட இளவரசனைப் பற்றிய பிரெஞ்சுக் கதையின் தழுவல். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே முகம்! ஒரே கருவறையிலிருந்து வந்த இரண்டு பேர். ஷாக்கரின் மேசையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சின்னப்பாவின் ஞாபகம் வராமல் இருக்காது.

அப்புறம் அந்த பைக். ஹோங்கோவின் பைக்குக்குப் பெயர் சைக்ளோன். பைக் வேகமெடுத்துக் காற்று முகத்தில் அறைந்தால், இடுப்பு பெல்ட்டிலிருக்கும் காற்றாடி சுழலும், அவன் ரைடராக மாறுவான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தென்னை முழுவதும் சாய்ந்ததைப் பார்த்தவன் நான். புயலின் பெயரை ஒரு காப்பாற்றுகிறவனின் வண்டிக்கு வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி ஆறுதல். வண்டி என்றால் எங்கள் பக்கத்துச் சாமிக்கும் ஒன்று உண்டு: குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசலில் 33 அடி உயரக் குதிரை முன்னங்கால் தூக்கித் தாவி நிற்கிறது. மாசி மகத்துக்கு லாரி லாரியாகக் காகிதப்பூ மாலை வரும், குதிரை கழுத்து வரைக்கும் மாலையில் மூழ்கும். ராத்திரியில் அய்யனார் குதிரையேறி எல்லை சுற்றுவார், குளம்புச் சத்தம் கேட்டால் வெளியே வரக்கூடாது என்று அப்பத்தா சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு, இருட்டில் ஹெட்லைட்டோடு வருகிற ரைடரை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இன்னொரு உண்மைக் கதையைச் சொல்லாமல் போனால் நெஞ்சு ஆறாது. ஹோங்கோவாக நடித்த ஹிரோஷி புஜியோகா பைக் காட்சிகளில் தானே வண்டி ஓட்டி நடித்தார். தொடர் தொடங்கி முழுசாக ஊன்றும் முன்பே படப்பிடிப்பில் விழுந்து தொடையெலும்பு முறிந்துவிட்டது. நாயகன் இல்லாமல் தொடர் தவித்தது. ஹோங்கோவைக் கதையில் சாகடித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, பிள்ளைகளின் கனவைக் கொல்ல மாட்டேன் என்று தயாரிப்பாளர் தோரு ஹிரயாமா மறுத்துவிட்டார். ஹோங்கோ ஷாக்கரோடு சண்டை போட ஐரோப்பா போயிருக்கிறான் என்று எழுதினார்கள். 14-ஆவது அத்தியாயத்தில் ஹயாதோ இச்சிமோன்ஜி என்கிற இரண்டாம் ரைடர் வந்தான். அவனோடுதான் கையை வீசிப் போடுகிற அந்த உருமாற்ற முத்திரையும் 'ஹென்ஷின்!' என்கிற கூவலும் வந்தன. புஜியோகா தேறித் திரும்பியதும் இரண்டு ரைடரும் தோளோடு தோள் நின்றார்கள். ஒரு மனிதனின் முறிந்த காலிலிருந்து ஐம்பது வருஷப் பரம்பரை கிளைத்துவிட்டது.

2000-இல் வந்த 'குவூகா'வைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். இஷினோமோரி மறைந்து இரண்டு வருஷம் கழித்து வந்த தொடர். நாயகன் யூசுகே கொதாய்க்கு அடிதடியே பிடிக்காது. மற்றவர்கள் சிரிப்பதற்காகத்தான் அவன் சண்டைக்கே போகிறான். கடைசிச் சண்டை பனிமலையில் நடக்கிறது. இரண்டு பேருக்கும் உருமாற்றம் கலைந்து, வெறும் மனிதர்களாக, ரத்தம் சொட்டச் சொட்டக் குத்திக்கொள்கிறார்கள். எதிரி சிரிக்கிறான். கொதாய் ஒவ்வொரு குத்துக்கும் அழுகிறான். ஜெயிக்கிறவன் அழுகிற சண்டையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் என் உயிர் 2013-இல் தொடங்கிய 'காய்ம்' தொடரிடம்தான் இருக்கிறது. கென் உரோபுச்சி எழுதியது, 47 அத்தியாயம். வானத்தில் ஜிப் திறந்து ராட்சசப் பழம் இறங்கி வந்து தலையில் கவிழ்ந்து கவசமாக விரியும். ஆரஞ்சு, வாழை, திராட்சை, முலாம்பழம். முள் முள்ளாக டுரியான் கூட உண்டு. வடகாடு பலாவைத் தின்று வளர்ந்த என் அக்கா மகன் அதைப் பார்த்து, "மாமா, நம்ம பலாப்பழ ரைடர்!" என்று குதித்த குதியில் கட்டில் கயிறு அறுந்தது.

இந்தப் பழக் கூட்டத்துக்குள்தான் மித்சுசனே இருக்கிறான். மிச்சி என்று கூப்பிடுவார்கள். பணக்கார வீட்டுப் பையன், குழுவில் சின்னப் பையன், எல்லோருக்கும் செல்லம். தனக்குப் பிடித்தவர்களை இழந்துவிடுவோமோ என்கிற பயத்தில் முதலில் ஒரு பொய் சொல்கிறான். அந்தப் பொய்யைக் காக்க இன்னொன்று. கடைசியில் சொந்த அண்ணனின் வெள்ளைக் கவசத்தை மாட்டிக்கொண்டு, அண்ணன் அடிக்கிறான் என்று தோன்றும்படி, நண்பன் கோதாவையே அடிக்கிறான். முகமூடிக்கு மேல் முகமூடி! யாரைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் செய்தானோ அவளே போய்விடுகிறாள். ஒரு பிள்ளைகள் தொடரில் ஒரு பையனை இவ்வளவு ஆழத்துக்கு இறக்குகிற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் இன்னும் வியக்கிறேன்.

அவனைச் சாகடித்துக் கணக்கை முடித்திருக்கலாம். செய்யவில்லை. கடைசி அத்தியாயமே அவனுடையது. எல்லாம் முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன, நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், அவன் ஓரமாகவே நிற்கிறான். மன்னித்த பிறகும் அவனால் உள்ளே போக முடியவில்லை. புதிதாக ஒரு ஆபத்து வரும்போது, தோற்போம் என்று தெரிந்தே பழைய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஓடுகிறான். அப்போது எங்கோ தொலைதூரக் கிரகத்திலிருந்து கோதா வந்து அவன் பக்கத்தில் நிற்கிறான். கேள்வி கேட்கவில்லை, கணக்குப் பார்க்கவில்லை, வந்து நிற்கிறான். அந்த இடத்தை நான் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். பதினைந்து தடவையும் கண் நிறைந்தது.

விராலிமலைக்குப் போகும்போது படியேறுகையில் மயில்கள் அகவும். சூரபத்மனை முருகன் இல்லாமல் ஆக்கிவிடவில்லை, மயிலாகவும் சேவலாகவும் ஆக்கித் தன்னோடே வைத்துக்கொண்டார் என்று அம்மா சொல்வாள். எதிர்த்து நின்றவனையே வாகனமாக ஏற்றுக்கொண்ட சாமி. மிச்சியைப் பார்த்த பிறகு, மலை ஏறும்போது மயில் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

போன கோடை விடுமுறையில் அக்கா மகன் எங்கள் வீட்டில் இருந்தான். எதிர்வீட்டுப் பையனின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போய் வாய்க்காலில் விட்டுவிட்டான். தான் எடுக்கவில்லை என்று சாதித்தான், இன்னொரு பையன் மேல் பழி போட்டான், அந்தப் பையன் அடியும் வாங்கினான். விஷயம் வெளியே வந்த பிறகு இரண்டு நாள் தெருவுக்கே போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் காய்மின் கடைசி அத்தியாயத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தான். முடிந்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை.

"மாமா, இவ்வளவு பண்ணதுக்கு அப்புறமும் மிச்சியை சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்கடா."

"அவனே போய்க் கேட்டானா?"

"அவன் கேக்கல. ஆனா சண்டைக்கு ஓடினான்ல?"

எழுந்து போய் அடுப்படியில் அக்கா அறுத்து வைத்திருந்த பலாச்சுளையில் பத்துப் பன்னிரண்டை வாழையிலையில் அள்ளினான். கதவிடுக்கில் தொங்கிய என் சிவப்புத் துண்டை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டான். வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இலையை ஒரு கையில் பிடித்தபடியே இன்னொரு கையை மட்டும் குறுக்கே வீசி, வாய்க்குள்ளே மெதுவாக "ஹென்ஷின்" என்றான். தெருவைக் கடந்து போனான்.