அற்புதம் நீங்கிய பழங்கதை

பெரம்பூரிலிருந்து வடகிழக்கே கடற்கரையை நோக்கிச் சென்றால் திருவொற்றியூரை அடையலாம். அவ்வூர்த் திருக்கோயிலில் வட்டப்பாறை நாச்சியார்க்குத் தனிச் சன்னிதி உண்டு. கம்பர் அங்குத் தங்கி இரவில் இராமகாதை எழுதியபோது, அத்தெய்வமே பெண்ணுருக் கொண்டு தீப்பந்தம் ஏந்தி நின்றது என்பது செவிவழிச் செய்தி. சான்று காட்டி நிறுவத்தக்க செய்தி அன்று இது. எனினும், கம்பரைத் தலைவராக வைத்து வரலாற்றுப் புதினம் எழுதப் புகுவார் ஒருவர் இதனை என் செய்வார்? தெய்வத்தை நீக்கிவிட்டு ஓர் அகல் விளக்கை வைக்கலாம், அறிவுக்கு ஒத்துவரும். ஆயின் கதை உயிரிழந்துவிடும். பெருங்காப்பியம் இயற்றும் புலவனுக்கும் பிறிதொரு கையின் துணை வேண்டும் என்பதே அக்கதையின் உட்பொருள். அக்கை தெய்வத்தின் கை அன்று எனக் கொள்ளும் ஆசிரியர், அது யாருடைய கை என்று கூறக் கடமைப்பட்டவராகிறார்.

பந்தத்தை ஏந்துபவர் யார்? பழங்கதைகளை அற்புதம் நீக்கி மறுபடைப்புச் செய்யும் நூல்களை மதிப்பிட இவ்வினாவே தக்க அளவுகோல் என்பது எம் கருத்து. முதுகலை மாணவர் கட்டுரைகள் பலவற்றில் ஒரு முடிவு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. 'இந்நூலில் அற்புதம் இல்லை. ஆகவே இது நடப்பியல். ஆகவே இது சிறந்தது' என்பதே அது. யாமும் வகுப்பில் இவ்வாறு கற்பித்ததுண்டு. இம்முடிவு பொருந்துமா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பழங்கதையைப் பொருளாகக் கொண்டு நூல் செய்தல் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் எண்வகை வனப்புகளுள் தொன்மையும் ஒன்று. பிறநாட்டு இலக்கியங்களிலும் இம்மரபு உண்டு. பிரித்தானியரின் ஆர்தர் மன்னன் கதையை ஈண்டு ஒப்பிட்டுக் காணலாம். மான்மவுத் செஃப்ரி என்பார் ஏறத்தாழக் கி.பி. 1136இல் இலத்தீன் மொழியில் எழுதிய நூலில் ஆர்தரின் பிறப்புக் கூறப்படுகிறது. ஊதர் என்னும் மன்னன், மெர்லின் என்பானின் மாயத்தால் கோர்லாய் என்பவனின் உருவங்கொண்டு, அவன் மனைவியாகிய இகெர்னாவை அடைகிறான். அதனால் ஆர்தர் பிறக்கிறான். கௌதமன் உருவில் அகலிகையை அடைந்த இந்திரனை இங்கு நினையாதவர் இரார். 1963இல் ரோசுமேரி சட்கிளிஃப் அம்மையார் எழுதிய 'அந்தி வேளையின் வாள்' என்னும் பொருளுடைய பெயர் கொண்ட புதினத்தில் மெர்லின் இல்லை; உருமாற்றமும் இல்லை. ஆர்தர் ஊதருக்கு மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்த மகனாகக் காட்டப்படுகிறான். மாயத்தின்மேல் இருந்த பழி மனிதர்மேல் இறங்குகிறது. தானே தன் கதையைக் கூறும் தலைவன், தன் வீழ்ச்சிக்குத் தன் செயலும் காரணம் என உணர்கிறான். இப்புதினத்தில் அற்புதம் நீங்கியது. அது தாங்கிய சுமை நீங்கவில்லை.

இனி, அகலிகை கதைக்கு வருவோம். புதுமைப்பித்தன் இக்கதையை இருமுறை எடுத்தாண்டார். 1934இல் வெளிவந்த 'அகல்யை'யில் அற்புதம் முற்றும் விலக்கப்பட்டுள்ளது. கௌதமன் சபிக்கவில்லை, அகலிகை கல்லாகவும் இல்லை. கல் என்பது கணவன் மனைவியை நோக்கிப் பரிவோடு பேசும் பேச்சில் வரும் ஒரு சொல்லாக மட்டும் எஞ்சுகிறது. மூலக்கதையில் தண்டனை தவவலிமையின் பாற்பட்டது. சினந்தவுடன் சாபம் பலித்துவிடும். சாபம் என்னும் கருவி பறிக்கப்பட்ட கணவனோ, சினத்தையும் பொறுமையையும் தானே எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அவன் பொறுமையைத் தேர்கிறான். பந்தம் அவன் கைக்கு வந்துவிட்டது. இதுவே இச்சிறுகதையின் வெற்றி.

ஆயினும் ஒரு குறையும் உண்டு. கதையின் இறுதிச் செயல் கணவனுடையதாகவே அமைகிறது. அகலிகை மன்னிக்கப்படுபவளாகவே நிற்கிறாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1943இல் வெளிவந்த 'சாப விமோசன'த்தில் ஆசிரியர் அற்புதத்தை மீளக் கொணர்கிறார். கல் பெண்ணாகிறது, அவள் புது வாழ்வு தொடங்குகிறாள். சீதையைத் தீப்புகச் செய்தான் இராமன் எனச் சீதையின் வாயாலேயே கேட்டறிந்தபின், அவள் மீண்டும் கல்லாகிறாள். முதன்முறை கல்லானது பிறர் இட்ட தண்டனை. இம்முறை கல்லாதல் அவளே வழங்கும் தீர்ப்பு. எந்த அற்புதம் அவளை வாய்மூடச் செய்ததோ, அதுவே அவள் மறுப்பாகிறது. அற்புதம் இல்லாத கதையினும் அற்புதம் உடைய கதை அகலிகைக்கு மிகுந்த உரிமை அளித்தது என்பதை ஆராய்வார் ஓர்தல் வேண்டும்.

பாரதக் கதையை அற்புதம் நீக்கி எழுதிய புதினங்களுள் இரண்டு தமிழ் வாசகர்க்கும் அறிமுகமானவை. கன்னடத்தில் எசு. எல். பைரப்பா 1979இல் வெளியிட்ட 'பர்வ' பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'பருவம்' எனவும், மலையாளத்தில் எம். டி. வாசுதேவன் நாயர் 1984இல் வெளியிட்ட 'ரண்டாமூழம்' குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பில் 'இரண்டாம் இடம்' எனவும் வந்துள்ளன. இரண்டிலும் பாண்டவர் பிறப்பு மனிதப் பிறப்பே. எனினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு.

பைரப்பா தேவர் என்போரை மலைநாட்டு மக்கட் குழுவினராக ஆக்குகிறார். பண்டை வழக்கமாகிய நியோக முறைப்படி குந்தி அவர்பால் மக்களைப் பெறுகிறாள். ஆகவே, பாண்டுவின் மக்கள் எனப்படுவோர் உண்மையில் அவன் மக்கள்தாமா என்னும் வினா அரசுரிமை வழக்காக மாறிப் போருக்கும் காரணமாகிறது. தெய்வப் பிறப்பு எனின் எழாத வழக்கு இது. இவ்விடத்து அற்புதத்தை நீக்கியமை பெரும்பயன் விளைத்தது. ஆனால் நூல் முழுவதும் ஒவ்வோர் அற்புதத்திற்கும் ஒரு விளக்கம் தரப்படுவதால், சிற்சில இடங்களில் வாசகர் விடுகதைக்கு விடை தேடுவாரைப் போல் ஆகிவிடுகின்றனர். 'இதற்கு என்ன காரணம் கூறுவார்?' என்னும் ஆவல் எழுகிறது; விடை கிடைத்தவுடன் அடங்குகிறது. விளக்கம் மட்டுமே தரும் இடங்களில் பந்தத்தை ஏந்த எவரும் இலர். அகல் விளக்கே எரிகிறது.

வாசுதேவன் நாயரின் வழி வேறு. அவர் கதை முழுவதையும் வீமன் உள்ளத்தின் வழியே காண்கிறார். வியாசர் விட்டுச் சென்ற பொருள் பொதிந்த மௌனங்களே தமக்கு இடந்தந்தன என்று நூலிறுதியில் குறிக்கிறார். அவருடைய வீமன் தான் காற்றுக் கடவுளின் மகன் என்னும் நம்பிக்கையோடு வளர்கிறான். இடுக்கண் வந்துழி அத்தந்தையை நினைக்கிறான். போர் முடிந்தபின், அவன் தந்தை காட்டில் வாழ்ந்த ஒரு மனிதனே எனத் தாய் உரைக்கிறாள். இங்கு அற்புதத்தை நீக்குபவர் ஆசிரியர் அல்லர். கதைமாந்தருள் ஒருத்தியாகிய தாய். அதனால் புண்படுபவனும் கதைக்குள்ளேயே இருக்கிறான். அற்புதத்தின் இழப்பு வாசகர்க்கு அளிக்கும் செய்தியாக நின்றுவிடாமல், ஒருவன் வாழ்வில் நேரும் நிகழ்ச்சியாகிறது. இவ்வகைப் படைப்புகளுள் யாம் கண்ட உயர்ந்த நிலை இதுவே.

இதற்கு மறுதலையாக, அற்புதத்தை நீக்காமலே மனிதர் பொறுப்பைக் கூர்மைப்படுத்தியோரும் உளர். பாஞ்சாலி துகிலுரியப்படும் நிகழ்ச்சி தக்க சான்றாகும். புனேயிலுள்ள பண்டார்க்கர் ஆய்வு நிறுவனத்தின் பாரதச் செம்பதிப்பில் சபாபருவத்தை எட்கர்டன் பதிப்பித்தார் (1944). பாஞ்சாலி கண்ணனை வேண்டும் பகுதி அதன் மூலபாடத்தில் இடம்பெறவில்லை. ஆடை மட்டும் வளர்கிறது. பாரதியாரோ 'பாஞ்சாலி சபத'த்தில் (முதற்பாகம் 1912, இரண்டாம் பாகம் 1924) கண்ணன் அருளை முழுதும் வைத்துக்கொண்டார். ஆயினும் அவள் தெருவழியே இழுத்துவரப்படுங்கால், புலம்பியதன்றி வேறொன்றும் செய்யாத ஊர்மக்களைக் கடிந்துரைக்க அவர் மறக்கவில்லை. தெய்வம் காக்கும் என்பது தெருவில் நின்றார்க்கு விலக்கு ஆகவில்லை.

இளங்கோவடிகள் கையாண்ட முறை இதனினும் நுட்பமானது. மதுரையை எரித்த தீ அற்புதம். ஆனால் அத்தீ வழக்கு முடிந்தபின்னரே எழுகிறது. பாண்டியன் அவையில் தீர்ப்பளித்தது தெய்வம் அன்று. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரலே. கோப்பெருந்தேவியின் சிலம்பு முத்துடையது என மன்னனே கூறியிருந்தான். ஆகவே பிழையைத் தானே உணர்ந்து உயிர் விடுகிறான். அற்புதத்தை அறமன்றத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்திய காப்பியம் நம்முடையது. சிலம்பை மறுபடைப்புச் செய்வார் தீயை நீக்கினும் நீக்குக. பரல் தெறிக்கும் அக்கணத்தை மழுங்கச் செய்தல் கூடாது.

இதுகாறும் கூறியவற்றால், அற்புதம் இன்மை ஒரு நூலின் சிறப்புக்கோ இழிவுக்கோ அளவாகாது என்பது பெறப்படும். இத்தகைய நூல்களை ஆராயும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம். மூலக்கதையில் அந்த அற்புதம் எவ்வேலையைச் செய்தது? அது நீங்கியபின் அவ்வேலை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? ஒப்படைக்கப்பட்டவர் அச்சுமையை உணர்கின்றாரா? மூன்றாவது வினாவுக்கு ஆம் என விடை கிடைப்பின் அந்நூல் இலக்கியம்; கிடையாதாயின், அறிவுக்கு எத்துணைப் பொருந்தினும் அது பழங்கதைக்கு எழுதிய உரையே.

ஒற்றியூரில் பந்தம் ஏந்திய கை யாருடையது என்று கூறவல்ல புதினத்தைத் தமிழில் ஒருவர் எழுதுவாராக. அது கோயிலில் பணிபுரிந்த பெயரறியாப் பெண் ஒருத்தியின் கையாகவும் இருக்கலாம். விடியும்வரை நின்ற அவள் கை கடுத்திருக்கும் என்பதையும் அவர் எழுதுவாராயின், நாச்சியாரின் பெருமை அதனால் ஒருசிறிதும் குறையாது.