ரப்பர் வளையமும் ஆறு மணி நேரமும்

செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரம் கிராமத்தில் ஒருவர் ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, தார் போலக் கறுப்பாக மலம் போனாலோ, எண்டோஸ்கோப்பிக் குழாய்க்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கலாம். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். உள்ளே பார்ப்பதோடு நிற்காமல், பார்த்த இடத்திலேயே வேலையை முடிப்பதுதான் அந்தக் குழாயின் அழகு. இரைப்பைப் புண்ணில் பீறிடும் ரத்தக்குழாயைச் சின்ன உலோகக் கிளிப் ஒன்று கவ்விக்கொள்கிறது. கல்லீரல் சுருங்கியவருக்கு உணவுக்குழாயில் புடைத்திருக்கும் நாளத்தைக் குழாய் நுனிக்குள் உறிஞ்சி இழுத்து, அதன் அடியில் ஒரு ரப்பர் வளையத்தை நழுவவிடுவார்கள். சில நாளில் கட்டுண்ட நாளம் சுருங்கி உதிர்ந்துவிடும். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

குழாய் அவ்வளவு தொலைவில் இருந்தால் இந்தப் பெருமையால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 2020-இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், நிபுணரைக் கலந்தபின் 6 மணி நேரத்துக்குள் குழாய் விட்டதால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் விட்டதைவிட அதிகம் பேர் பிழைத்துவிடவில்லை. (முதலுதவிக்குப் பிறகும் ரத்த அழுத்தம் தேறாதவர்களை அதில் சேர்க்கவில்லை, அவர்கள் விஷயம் வேறு.) ஆகவே செஞ்சி அரசு மருத்துவமனையில் ஏற்றும் சலைனும், போடும் அமிலத் தடுப்பு ஊசியும் வெறும் வழியனுப்பு அல்ல, சிகிச்சையின் முதல் பாதி. ரத்தத்தையும் தாராளமாக ஏற்றிவிடக் கூடாது: பார்சிலோனாவின் 2013 ஆய்வில், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்து ஏற்றப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள்.